கை மாறிய இதழும் கடிதம் எழுதும் வாசகியும்

(பழனிசெட்டிபட்டியில் நூலக வாசகர்கள் கூடிய மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பத்திரிகைக்குப் புது ஆசிரியர் வருகிறார். அட்டை மாறுகிறது. எழுத்தின் அளவு மாறுகிறது. பல வருஷமாகப் படித்துவந்த ஒரு பகுதி திடீரென்று இல்லை. அடுத்த இதழுக்குள் ஆசிரியர் மேஜையில் கடிதங்கள் குவிந்துவிடுகின்றன. "இப்போதுதான் இதழில் உயிர் வந்திருக்கிறது" என்று ஒருவர் எழுதுகிறார். "இனிமேல் வாங்க மாட்டேன்" என்று இன்னொருவர். "எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து வாங்குகிறோம், இப்படிச் செய்துவிட்டீர்களே" என்று மூன்றாமவர். இந்த மூன்றாவது கடிதம்தான் என்னை நிறுத்திவைக்கிறது. அதில் கோபம் இருக்கிறது, அதைவிட உரிமை இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற எல்லாப் பொருளிடமும் நாம் இப்படி உரிமை கொண்டாடுவதில்லை. சோப்பின் உறை மாறினால் யாரும் கம்பெனிக்கு நாலு பக்கம் எழுதுவதில்லை.

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது பெண்கள் இதழ்களை. உடை, நகை, அலங்காரம், வீடு என்று பேசுகிற இதழ்கள் கை மாறும்போது வாசகி என்ன சொன்னாள், அவள் சொன்னது யார் காதில் விழுந்தது, அவள் பெயரைச் சொல்லி வேறு யார் யார் பேசினார்கள் என்பதே என் விஷயம். ஃபேஷனுக்கு மட்டுமான இதழ் தமிழில் ஆழமாக வேர்பிடித்ததில்லை. நம்மிடம் இருப்பது மகளிர் இதழ். ரவிக்கை மாதிரியும் தொடர்கதையும் பிரசவக் குறிப்பும் கோலமும் அதில் ஒரே அட்டைக்குள் இருக்கும். அதனால் நம் கதையை அங்கேதான் தேட வேண்டும்.

1920களில், ஒன்றுக்கொன்று தெரியாமல், இரண்டு ஊர்களில் இரண்டு பெண்கள் பிறர் தொடங்கிய இதழ்களைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் லண்டனில், இன்னொருவர் திருவல்லிக்கேணியில்.

லண்டன்காரரின் பெயர் டோரதி டாட். 1916இல் தொடங்கிய பிரிட்டிஷ் 'வோக்' இதழுக்கு அவர் 1922இல் ஆசிரியரானார். சீமாட்டிகள் என்ன உடுத்துகிறார்கள் என்று காட்டிக்கொண்டிருந்த இதழ் அது. டாட் அதில் புது ஓவியத்தைக் கொண்டுவந்தார், புது இலக்கியத்தைக் கொண்டுவந்தார். வர்ஜீனியா உல்ஃப் அதில் எழுதினார். தொப்பி விளம்பரத்துக்குப் பக்கத்தில் இலக்கியக் கட்டுரை வந்தது. எதிர்வினை இரண்டு பக்கமிருந்தும் கிளம்பியது. லோகன் பியர்சால் ஸ்மித் என்ற எழுத்தாளர், இப்படிப்பட்ட இதழில் போய் எழுதலாமா என்று உல்ஃபையே கண்டித்தார். இலக்கியக்காரர்களுக்கு அது மட்டமான இடம். உடை பார்க்க வந்தவர்களுக்கோ அது புரியாத இடமாகிக்கொண்டிருந்தது. விற்பனை இறங்குகிறது என்று முதலாளி காண்டே நாஸ்ட் முடிவெடுத்தார். 1926இல் டாட் வெளியேற்றப்பட்டார். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வழக்குப் போட அவர் எண்ணியபோது, அவருடைய சொந்த வாழ்க்கையை அம்பலப்படுத்துவோம் என்ற மிரட்டல் வந்து அவர் வாயை அடைத்தது. அடுத்து வந்த அலிசன் செட்டில் இதழை மறுபடி உடை பக்கம் திருப்பினார்.

இதில் வாசகி எங்கே இருக்கிறாள் என்று கேட்டுப்பாருங்கள். "வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னது முதலாளி. அவர் பார்த்தது கணக்குப் புத்தகத்தை. பிடித்திருந்த வாசகியும் அந்தக் கணக்கில் ஒரு எண்தான், பிடிக்காமல் போனவளும் ஒரு எண்தான். இதழை நிறுத்தியவள் ஏன் நிறுத்தினாள்? விலையா, விஷயமா, அல்லது வீட்டுக்காரர் வேண்டாம் என்றாரா? எண் அதையெல்லாம் சொல்லாது. கடிதம் சொல்லும்.

இப்போது திருவல்லிக்கேணிக்கு வருவோம். அங்கேதான் நான் கொஞ்சம் அதிக நேரம் இருக்க விரும்புகிறேன்.

வை.மு.கோதைநாயகி அம்மாள் 1901 டிசம்பர் 1 அன்று பிறந்தவர். ஒரு வயதுக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். 1907இல், அதாவது ஐந்தரை வயதில், அவருக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. பள்ளிக்கூடம் போனதில்லை. புகுந்த வீட்டில் கேட்ட பாசுரமும் பாராயணமும்தான் அவருடைய படிப்பு. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லியே கதை கட்டக் கற்றுக்கொண்டார். 'இந்திர மோகனா' என்ற முதல் நாடகத்தை அவர் தம் கையால் எழுதவில்லை. வேகமாக எழுதுகிற அளவுக்கு அப்போது அவருக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் அது அச்சில் வந்தது. கணவர் பார்த்தசாரதி கூடவே நின்றார்.

அடுத்த வருஷமே, 1925இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற மாத இதழை அவர் வாங்கினார். அன்றைக்குத் துப்பறியும் நாவல்களால் பெயர்பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் அதற்கு யோசனையும் ஊக்கமும் தந்தார். செத்துப்போன இதழை எழுப்புவது புது இதழ் தொடங்குவதைவிடக் கஷ்டம். ஏற்கெனவே சந்தா கட்டி ஏமாந்தவர்கள் இருப்பார்கள். ஏஜெண்டுகளிடம் பாக்கி இருக்கும். "இது நிற்கிற இதழ்" என்று பெயர் விழுந்திருக்கும். போதாததற்கு இப்போது ஆசிரியர் பள்ளிக்கூடம் போகாத, இருபத்து நாலு வயதுகூட நிறையாத பெண்.

அந்த இதழைக் கோதைநாயகி 35 வருஷம் நடத்தினார். தம்முடைய 'வைதேகி' நாவலை அதில் தொடராக எழுதினார். பிறகு நாவல் மேல் நாவல், மொத்தம் 115. விதவை மறுமணம், வரதட்சிணை, குடி என்று வீட்டுக்குள் அமுக்கி வைத்திருந்த விஷயங்களைத் தொடர்கதையில் வைத்தார். பின்னால் சொந்தமாக அச்சகமே நிறுவினார். முதலாளி, ஆசிரியர், எழுத்தாளர் மூன்றும் ஒரே பெண். அதனால் லண்டனில் நடந்தது இங்கே நடக்க வழியில்லாமல் போயிற்று. வாசகியின் பெயரைச் சொல்லி ஆசிரியரை வெளியே அனுப்ப நடுவில் இன்னொருவர் கிடையாது. வாசகி நேரடியாகக் கோதைநாயகியிடம்தான் பேச வேண்டும், கோதைநாயகியும் அவளுக்கு நேரடியாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

வாசகி என்ன பேசினாள்? ஜகன்மோகினி படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது அந்தக் காலத்து வழக்கம். இதையும் எதிர்வினைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறேன். ஒரு பிரதி விற்றது என்று கணக்கு சொல்லும். ஆறு பேர் கேட்டார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. தபால் எழுதத் தெரியாத அந்த ஆறு பேரும் அடுத்த மாதத்து இதழுக்காகக் காத்திருந்ததுதான் கோதைநாயகிக்கு வந்த பெரிய கடிதம்.

எதிர்ப்பும் இருந்தது. ஆசாரமான தெருவிலிருந்து ஒரு பெண் கிளம்பிப் பத்திரிகை நடத்துவது, மேடை ஏறுவது, பாடுவது, மறியலுக்குப் போவது எல்லாம் அன்று சும்மா விடுகிற காரியமா? இலக்கியத்தை நிறுத்துப் பார்த்தவர்களும் பிற்காலத்தில் அவரை நேரப்போக்கு எழுத்து என்று ஒரு வரியில் தள்ளிவிட்டார்கள். அந்தத் தள்ளலை நான் ஏற்கவில்லை. 115 நாவலும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிப்பே எட்டாத பெண்களை அச்செழுத்தின் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்த கையை, நடையழகு போதாது என்று மறந்துவிடுவது நியாயம் இல்லை.

உடைக்கு வருகிறேன். 1925இல் காந்தி சென்னை வந்தபோது காங்கிரஸ் தலைவர் சீனிவாச ஐயங்கார் வீட்டில் கோதைநாயகி அவரைச் சந்தித்தார். அதற்குப் பிறகு பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். ஒரு மகளிர் இதழ் ஆசிரியர், இதழை எடுத்த அதே வருஷத்தில், தன் உடம்பில் உடுத்துவதையே மாற்றிக்கொள்கிறார். அன்றைய வாசகிக்கு அது எப்படி இருந்திருக்கும்? பட்டு என்றால் மரியாதை, நகை என்றால் பாதுகாப்பு என்று வளர்ந்தவள் அவள். புது உடுப்பைச் சிபாரிசு செய்கிற எந்த அட்டைப் படத்தைவிடவும் பெரிய ஃபேஷன் அறிக்கை இது என்று நான் நினைக்கிறேன். இதற்கு அவர் விலையும் கொடுத்தார். 1930களின் தொடக்கத்தில் மறியல் செய்து சிறைக்குப் போனார். உள்ளே இருந்தும் எழுதினார், வெளியே கணவர் இதழைக் கவனித்துக்கொண்டார். 1960 பிப்ரவரியில் அவர் காலமானார். அவர் கதையை வைத்து எடுத்த 'சித்தி' படம் 1966இல் வெளிவந்து ஊரெல்லாம் ஓடியபோது, அதைப் பார்க்க அவர் இல்லை.

மகளிர் இதழ் இல்லை என்றாலும், கை மாறிய இதழ் பற்றி நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. 1933இல் தொடங்கிய 'மணிக்கொடி' அரசியல் வார இதழாக வந்தது. 1935இல் அதைச் சிறுகதை இதழாக மாற்றி நடத்தியவர் பி.எஸ்.ராமையா. எந்த ஊர்க்காரர்? இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேருகிற வத்தலக்குண்டு. புதுமைப்பித்தன், கு.ப.ரா., மௌனி எல்லாம் அவர் கையில் வந்த இதழில் எழுதினார்கள். அரசியல் படிக்க வாங்கியவனுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். கதைக்கான வாசகரோ அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தார்கள். பணம் தாக்குப்பிடிக்கவில்லை, சில வருஷங்களில் ராமையா வெளியேற வேண்டியதாயிற்று. இன்று தமிழ்ச் சிறுகதை என்று பேச்செடுத்தால் முதலில் வருவது அந்தச் சில வருஷங்கள்தான். அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்தான் நம் சி.சு.செல்லப்பா. அவர் பெயரின் முதல் எழுத்து சின்னமனூர். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, கடைக்காரன் சொல்லும் வாசகனை நம்பாமல், புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போய்த் தன் வாசகனைத் தானே கண்டுபிடித்தார்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. ஆனந்த விகடனில் கல்கி எழுதியவரை விகடன் என்றால் கல்கி, கல்கி என்றால் விகடன். 1941இல் அவர் வெளியே வந்து சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' தொடங்கினார். வாசகர்கள் கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. பெரும் கூட்டம் அவர் பின்னாலேயே புது இதழுக்கும் போயிற்று. விகடனும் சாயவில்லை. இரண்டையும் வாங்கிய வீடுகள் எத்தனையோ. ஆசிரியர் போனால் இதழ் செத்துவிடும் என்பதும், இதழ் பெயர் இருந்தால் யார் ஆசிரியராக இருந்தால் என்ன என்பதும், இரண்டுமே பொய் என்று அன்றைய தமிழ் வாசகர்கள் காட்டிவிட்டார்கள்.

கொஞ்சம் கிட்டத்துக் காலத்துக்கு வருவோம். 1988 நவம்பரில் அமெரிக்க 'வோக்' இதழின் அட்டையைப் புது ஆசிரியர் அன்னா வின்டூர் முதல்முறையாகத் தயாரித்தார். அதுவரை அட்டையில் பெரும்பாலும் ஸ்டுடியோ விளக்கில் எடுத்த முகம் மட்டும்தான் வரும். இவர் வைத்த பெண் தெருவில் நிற்கிறாள், முடி காற்றில் கலைந்திருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. மேலே பத்தாயிரம் டாலர் விலையுள்ள கிறிஸ்டியன் லக்ருவா சட்டை, கீழே ஐம்பது டாலர் ஜீன்ஸ். தவறான படத்தை அனுப்பிவிட்டீர்களோ என்று அச்சகத்திலிருந்தே போன் செய்து கேட்டார்களாம். வின்டூரே சொன்ன செய்தி இது. முதல் வாசகர் அந்த அச்சகக்காரர்தான். அவருடைய கேள்வி அடுத்த மாதம் எத்தனையோ பேர் மனதில் எழுந்திருக்கும்.

2017இல் பிரிட்டிஷ் 'வோக்' மறுபடி கை மாறியது. இருபத்தைந்து வருஷம் ஆசிரியராக இருந்த அலெக்சாண்ட்ரா ஷுல்மனுக்குப் பிறகு, கானாவில் பிறந்த எட்வர்ட் எனின்ஃபுல் வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர், முதல் ஆணும் அவரே. அந்த வருஷம் டிசம்பர் அட்டையில் அட்வோவா அபோவா என்ற பெண்ணை வைத்தார். அவருடைய தந்தையும் கானாக்காரர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், பழைய ஆசிரியர் குழுவின் படத்தை மாடல் நவோமி கேம்பெல் வெளியிட்டு, இதில் ஒரு கறுப்பு முகம்கூட இல்லையே என்று கேட்டிருந்தார். வாசகிகள் பலரின் மனதுக்குள் வருஷக்கணக்காக இருந்திருக்கும் கேள்வி அது.

இந்த இடத்தில் நம் கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களைப் பற்றிப் பேசாமல் என்னால் போக முடியாது. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், கம்பம் பக்கத்தில் திராட்சைக்குலை வெட்டுகிறவர்கள், முல்லையாற்றுத் தண்ணீர் பாய்கிற வயலில் நாற்று நடுகிறவர்கள், எல்லோரும் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார்கள். முள் கீறாது, வெயில் சுடாது, புழு பூச்சி அண்டாது. தலையில் துண்டை இறுக்கி முடிந்த விதத்தைப் பாருங்கள், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முடிச்சு. வேலைக்குத் தகுந்த மாதிரி தானே வகுத்துக்கொண்ட உடை இது. ஒரு மகளிர் இதழின் அட்டையில் இதை நான் பார்த்ததில்லை. வெளுத்த முகமும் மணப்பெண் பட்டுமே திரும்பத் திரும்ப வருகின்றன. சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் நெய்கிற பருத்திச் சேலைக்குக்கூட அந்த அட்டையில் ஒரு மூலை கிடைப்பது அபூர்வம். புது ஆசிரியர் வரும்போது நம் வாசகிகள் எழுத வேண்டிய முதல் கடிதம் இதுதான் என்பேன்: எங்களைப் போல ஒருத்தி எப்போது வருவாள்?

இன்னொன்று. தேனியில் எந்த லேடீஸ் டெய்லர் கடைக்குப் போனாலும் ரவிக்கை மாதிரிப் புத்தகம் ஒன்று கிடக்கும். அது வருவதற்கு முன்னால் அந்த வேலையை மகளிர் இதழின் நடுப்பக்கம் செய்தது. வாசகி பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய் டெய்லரிடம் நீட்டினாள். "இந்தக் கழுத்து, ஆனா கை மட்டும் கொஞ்சம் நீளமா வைங்க அண்ணே" என்றாள். பம்பாயில் பிறந்த ஒரு மாதிரி இங்கே வந்து, முழங்கை வரை நீண்டு, முதுகு இறக்கம் குறைந்து, நம்மூர் ரவிக்கையாக மாறியது. இந்தப் பக்கத்தைப் புது ஆசிரியர் ஒருவர் பழசு என்று எடுத்துவிட்டால் வாசகிக்குக் கோபம் வரத்தான் செய்யும். வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவளுக்கு அது தொழில் கருவி. "மாற்றத்தை ஏற்காத பழைய வாசகர்கள்" என்று அந்தக் கடிதத்தைத் தள்ளி வைக்கிற ஆசிரியர், எதை எடுத்தோம் என்றே தெரியாமல் எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

அதற்காக வாசகி சொல்வதையெல்லாம் ஆசிரியர் கேட்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டிருந்தால் கோதைநாயகி விதவை மறுமணத்தைத் தொட்டிருக்க முடியாது, ராமையா மௌனியைப் போட்டிருக்க முடியாது. ஆசிரியர் பணிய வேண்டாம், பதில் சொன்னால் போதும். இதை எடுத்தேன், இதனால் எடுத்தேன், இதற்குப் பதிலாக இதை வைத்திருக்கிறேன் என்று தன் பெயரைப் போட்டு நாலு வரி எழுதலாம். பாராட்டுக் கடிதத்தை மட்டும் அச்சேற்றி, திட்டிய கடிதத்தைக் குப்பையில் போடுகிற ஆசிரியர், கடைசியில் முதலாளியின் கணக்குப் புத்தகத்திடம்தான் மாட்டிக்கொள்வார். அன்றைக்கு அவர் பக்கம் சாட்சி சொல்ல வாசகி இருக்க மாட்டாள்.

வாசகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் இதழைப் பார்த்த கையோடு எழுதிவிடாதீர்கள். முதல் இதழில் புது ஆசிரியர் தன் ஆசையையெல்லாம் கொட்டியிருப்பார். மூன்றாவது இதழ் வரை பொறுங்கள். அதற்குள் அவருக்கு மூச்சு நிதானப்படும், அவர் யார் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும். அப்புறம் எழுதுங்கள். "பிடிக்கவில்லை" என்று நிறுத்தாதீர்கள். எந்தப் பக்கம், அதை வைத்து நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இப்போது எதற்குத் திண்டாடுகிறீர்கள் என்று எழுதுங்கள். ஊர்ப் பெயரைக் கட்டாயம் போடுங்கள். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பழனிசெட்டிபட்டியிலும் தன் இதழ் படிக்கப்படுகிறது என்று தெரியட்டும்.

தமிழ் வாசகர்களிடம் இன்னொரு வகை எதிர்வினை இருந்தது. பிடித்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைப்பார்கள். எதைக் கிழித்துச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதில் ஒரு தலைமுறையின் தீர்ப்பு இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா என்ற ஒருவர் பழைய இதழ்களையும் நூல்களையும் ஆயுள் முழுக்கச் சேர்த்ததால்தான், இன்று சென்னையில் அவர் பெயரால் நூலகம் இருக்கிறது, ஆராய்ச்சிக்காரர்கள் தேடிப்போய்ப் படிக்கிறார்கள். அவர் 1992இல் மறைந்தார். அவர் சேர்த்தது இதழ்களையும் நூல்களையும். வாசகி மார்ஜினில் பென்சிலால் எழுதியதும், டெய்லரிடம் கொண்டுபோன பக்கமும், அவள் கையால் கோத்த பைண்டும் இன்னும் வீட்டுப் பரண்களில்தான் கிடக்கின்றன.

உங்கள் வீட்டிலும் இருக்கும். பாட்டி பெயர் எழுதிய பைண்டு, அம்மா சேர்த்த கோலப் பக்கம், பெட்டிக்கு அடியில் விரித்த பழைய அட்டை எல்லாம் இருக்கும். பழைய பேப்பர்காரர் வண்டி தெருவுக்கு வரும்போது நிறுத்தி எடை போட்டுவிடாதீர்கள். இந்த நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். கொடுக்க மனம் இல்லையென்றால் போன் கேமராவில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, யாருடையது, எந்த வருஷத்தது, அதைப் பார்த்து என்ன தைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்த பாட்டிமார் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள்.